பதினொன்றாம் மாடியில் காக்கைக்குச் சோறு

அமாவாசையன்று எங்கள் வீட்டில் முதல் கவளம் காக்கைக்கு. அதை வைத்த பிறகுதான் மற்றவர் தட்டில் சோறு விழும். அப்பா இருந்தவரை அவர் தன் அப்பாவுக்காக வைத்தார். இப்போது அவருக்காக நான் வைக்கிறேன். அண்ணன் பெர்த்தில் இருக்கிறார். அவர் வைக்கிறாரா என்று நான் கேட்பதில்லை.

சிங்கப்பூரில் செம்பவாங் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தபோது இதற்கு யோசனையே தேவைப்படவில்லை. கிணற்றடி மேடையில் ஒரு வாழையிலை நறுக்கு, அதில் ஒரு பிடி, "கா... கா..." என்று இரண்டு குரல். அவ்வளவுதான். ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் பதினொன்றாம் மாடிக்கு வந்த பிறகுதான் ஒரு பிடிச் சோற்றில் எத்தனை வில்லங்கம் இருக்கிறது என்று தெரிந்தது. சென்ற மாதம் என் தங்கை மகளுக்குப் புது வீட்டுச் சாவி கிடைத்தது. "பெரியம்மா, அமாவாசைக்கு நாங்க சோறு எங்க வைக்கிறது? சமையலறை ஜன்னல்லயா?" என்று கேட்டாள். ஜன்னலில் மட்டும் வைக்காதே என்று தொலைபேசியிலேயே கத்திவிட்டேன். ஏன் கத்தினேன், பிறகு எப்படித்தான் வைப்பது, மாடு, பூனை, நாய், எறும்பு விஷயமெல்லாம் எப்படி என்று அவளுக்காக எழுத ஆரம்பித்தது இது.

காக்கை

நானும் முதல் வருடம் ஜன்னலில்தான் வைத்தேன். ஏர்கான் பெட்டி உட்காரும் மேடையில், கையெட்டும் தூரத்தில். முதல் அமாவாசைக்கு ஒரு காக்கை வந்தது. அம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மூன்றாம் அமாவாசைக்கு ஐந்து. அதற்கப்புறம் காக்கைக்கு அமாவாசைக் கணக்கெல்லாம் இல்லை. தினமும் காலை ஆறரைக்கு ஆஜர். காக்கை மிச்சம் வைத்ததுக்கு மைனா, மைனா சிந்தியதுக்குப் புறா.

ஒருநாள் கதவு தட்டும் சத்தம். பத்தாம் மாடி சீன ஆன்ட்டி நின்றார். கையில் ஒரு வெள்ளைச் சட்டை, மூங்கில் கம்போடு. காயப்போட்ட துணியைக் கம்பிலிருந்து உருவக்கூட இல்லை, அப்படியே தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி வந்திருக்கிறார். தோள்பட்டையில் வெள்ளையும் பச்சையுமாக எச்சம் வழிந்திருந்தது. அதன் நடுவில், மஞ்சள் ஏறிய ஒரு சோற்றுப் பருக்கை. எங்கள் வீட்டுச் சாம்பார். ஆன்ட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பருக்கையை விரலால் காட்டினார், என் முகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சட்டையை நான் துவைத்துக் கொடுத்தேன். எச்சக் கறை காய்வதற்குள் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். இதுவும் ஒரு குறிப்பு, எடுத்துக்கொள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் வனவிலங்குச் சட்டப்படி காட்டு விலங்குக்கோ பறவைக்கோ தீனி போடக் கூடாது. புறா, மைனா, காக்கை எல்லாம் இதில் அடக்கம். முதல் முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மறுபடியும் என்றால் 10,000 வரை. "திதிக்கு வைத்தேன்" என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு இருக்காதே.

ஆனால் அபராதத்துக்குப் பயந்து நான் நிறுத்தவில்லை. நிறுத்தவைத்தது வேறு ஒன்று. இங்கே நாம் தினமும் பார்க்கும் வீட்டுக் காக்கை இந்த மண்ணின் பறவையே இல்லை. 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளான் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, காக்கை போகவில்லை. பெருகிப் பெருகி தெற்கே இங்கும் வந்து சேர்ந்தது. நம் தாத்தாமார்கள் கப்பலேறிய அதே காலம், அதே தோட்டக்காடு. அதனாலேயே எனக்கு இதன்மேல் கொஞ்சம் சொந்தபந்த உணர்ச்சி உண்டு. ஆனால் சோறு கிடைக்கும் இடத்தில் காக்கை கூடு கட்டும், கூடு கட்டினால் குஞ்சைக் காக்க வழியில் போகிறவர் தலையில் கொத்தும், கொத்தினால் புகார் போகும். அப்புறம் தேசியப் பூங்காக் கழகத்து ஆட்கள் வந்து கூட்டைப் பிரிப்பார்கள், பொறி வைப்பார்கள். அப்பாவின் பெயரைச் சொல்லி நான் வைத்த சோறு, எந்தக் காக்கையை அப்பா என்று நினைத்தேனோ அதற்கே எமனாகிவிடும். இது உறைத்த பிறகு ஜன்னலில் வைக்கக் கை வரவில்லை.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. காக்கை எடுக்காத சோறு சோறா என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தார். கோவில் ஐயரிடம் அழைத்துப் போனேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை: பிண்டத்தை மாட்டுக்குக் கொடுக்கலாம், இல்லையென்றால் நீரில் விடலாம், இதெல்லாம் முன்பிருந்தே உள்ள வழிதான் என்றார். அம்மா விடவில்லை. கடைசியில் நான் கேட்டேன்: "உங்க ஊர்ல முனியாண்டிக்குக் கிடா வெட்டுவாங்களே, இங்க என்னம்மா பண்றோம்?" வெண்பூசணி, எலுமிச்சம்பழம். கிடா நின்ற இடத்தில் பூசணிக்காய் வந்து உட்கார்ந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. முனியாண்டி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அம்மா சிரித்துவிட்டார்.

இப்போது நான் செய்வது இப்படி. பச்சரிசிச் சோற்றில் கொஞ்சம் பருப்பு, ஒரு சொட்டு நெய், கறுப்பு எள். பிசைந்து நெல்லிக்காய் அளவு ஒரே ஒரு உருண்டை. அளவு முக்கியம். நாம் வைப்பது படையல், தீவனம் இல்லை. உருண்டையை இலை நறுக்கில் வைத்து அப்பா படத்துக்கு முன் படைக்கிறேன். சமையலறை ஜன்னலைத் திறந்து, சோற்றை உள்ளேயே வைத்துக்கொண்டு, "கா கா" என்று கூப்பிடுகிறேன். கூப்பிடுவதற்கு அபராதம் இல்லை. சில மாதம் ஒன்று வந்து எதிர் புளோக் விளிம்பில் உட்காரும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், போய்விடும். பிறகு உருண்டையை ஒரு கிண்ணம் தண்ணீரில் கரைத்து, கறிவேப்பிலைத் தொட்டியில் மண்ணைக் கிளறி ஊற்றி மேலே மண்ணைத் தள்ளி மூடிவிடுவேன். மேலாக ஊற்றினால் புளித்து நாறும், கரப்பான் வரும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதே. தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு, அது தனி அபராதம். தொட்டியை ஜன்னல் விளிம்பிலும் தாழ்வாரச் சுவர்மேலும் வைக்கக் கூடாது என்பது உனக்கே தெரியும்.

அப்பா திதியன்று மட்டும் கூடுதலாக ஒன்று செய்கிறேன். காக்கைக் கூட்டத்துக்கு என்று முன்பு வடித்த அந்த இரண்டு ஆழாக்கு அரிசிக்கு ஈடாகக் கோவில் அன்னதானத்துக்குப் பணம் கட்டிவிடுவேன்.

காக்கை கொத்துவதைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. பேருந்து நிறுத்தத்தருகே மரத்தில் ஒரு காக்கை விடாமல் கத்தினால், பக்கத்தில் எங்கோ பறக்கத் தெரியாத குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். சனீஸ்வரன் கோபம் என்று பயந்து எள் விளக்குப் போட ஓடாதே. குடையை விரித்துக்கொண்டு நட, இரண்டு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும்.

குரங்குக்கும் இதே கதைதான். புக்கிட் தீமா, மெக்ரிட்சி காட்டுப் பக்கம் போகிறவர்கள் சனிக்கிழமை ஆஞ்சநேயர் வடையை நினைவாகக் குரங்குக்கு நீட்டுகிறார்கள். வேண்டாம். பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று அது படித்து வைத்திருக்கிறது. பையை முதுகுப்பைக்குள் போட்டு மூடு. பல்லைக் காட்டிச் சிரிக்காதே, அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும்.

அதேபோல் பரிகாரத்துக்குக் கடையில் குருவி வாங்கி விடுவது, குளத்தில் ஆமை விடுவது. விசாக தினத்தையொட்டி பௌத்தர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. நம்மவர்களுக்கும் ஜோசியர்கள் சொல்லிவிடுகிறார்கள். கூண்டில் பிறந்த குருவிக்கு இரை தேடத் தெரியாது. கடைகளில் விற்கும் சிவப்புக்காது ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது. பிழைத்துவிட்டால் இங்குள்ள ஆமையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தவிர, இதுவும் சட்டப்படி குற்றம். ஜோசியரை மாற்று.

மாடு

என் அப்பா பால்காரர். கம்பத்தில் ஆறு மாடு வைத்திருந்தார். சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன் புறப்படுவார். கம்பத்தைக் காலி செய்யச் சொன்னபோது மாடுகளை விற்றுவிட்டு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் மாடு விஷயத்தில் என்னிடம் கொஞ்சம் நீளமாகப் பேச்சு வரும், பொறுத்துக்கொள்.

லிட்டில் இந்தியா என்கிற தேக்காவே ஒரு காலத்தில் மாட்டுக்காரர்களின் இடம். பஃப்ளோ ரோடு என்ற பெயர் சும்மா வரவில்லை. பக்கத்திலேயே கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றால் எருமை. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைப்பட்டி. நீயும் உன் அண்ணனும் பிறந்த கேகே மருத்துவமனையின் இரண்டு "கே"யும் அதுதான். எருமைப்பட்டியில் பிறந்தவள் என்று அப்பா உன் அம்மாவைக் கிண்டல் செய்தது உனக்கு நினைவிருக்கும். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவிலுக்குப் போனால் அப்பா முதலில் உள்ளே போகமாட்டார். மதில்மேல் உட்கார்ந்திருக்கும் சுதை மாடுகளை வெளியில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

இன்றைக்குச் சிங்கப்பூரில் பிள்ளைகள் மாட்டைத் தொட்டுப் பார்க்க வாய்ப்பு பொங்கலுக்குத்தான். லிட்டில் இந்தியாவில், பெரும்பாலும் கேம்பல் லேன் பக்கம், லிம் சூ காங் பண்ணையிலிருந்து மாடும் கன்றும் கொண்டுவந்து கட்டுவது வழக்கம். இடமும் நாளும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும், பார்த்துக்கொண்டு போ. மாலையில் போகாதே, கூட்டத்தில் மாட்டின் வால்கூடத் தெரியாது. காலையில் போ.

போய் என்ன செய்வது? பெரும்பாலோர் நேராக மாட்டின் முகத்துக்கு எதிரே போய் நின்று கும்பிடுகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். மாட்டுக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில். மூக்குக்கு நேரே நிற்பவரும், வாலுக்குப் பின்னால் நிற்பவரும் அதற்குச் சரியாகத் தெரியமாட்டார்கள். தெரியாத இடத்திலிருந்து ஒரு கை நீண்டால் நாமே துள்ளுவோம், அது துள்ளாதா? அப்பா சொல்வார்: "மாட்டுக்கு முன்னாடி நின்னு கும்பிடாத, பக்கத்துல நின்னு சொறிஞ்சு விடு. அதுதான் கும்பிடுறது." தோள்பட்டைப் பக்கமாக, அது பார்க்கும்படி மெதுவாகப் போ. புறங்கையை நீட்டு. மூச்சு சூடாகக் கையில் படும், ஈரமூக்கால் ஒரு தொடு தொடும். நாக்கை நீட்டினால் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவை, அரத்தால் தேய்த்தமாதிரி இருக்கும். அதன் பிறகு கழுத்துக்கு அடியில் தொங்கும் அலைதாடியைக் கீழிருந்து மேலாகச் சொறிந்து விடு. மாடு கழுத்தை நீட்டிக் கண்ணைப் பாதி மூடினால் நீ சரியாகச் செய்கிறாய் என்று அர்த்தம். தலையை உதறினால் போதும் என்கிறது. பின்னங்கால் பக்கம் வேண்டாம். மாடு பின்னால் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் வீசி உதைக்கும்.

கொடுப்பதற்கு அகத்திக்கீரை. தேக்கா சந்தையில் கிடைக்கும். துவாதசி, பொங்கல் சமயத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். வாழைப்பழம் தோலோடு ஒன்று, தப்பில்லை. சர்க்கரைப் பொங்கலை அள்ளி அள்ளி ஊட்டுவதுதான் தப்பு. மாட்டின் முதல் வயிற்றில் புல் புளித்துத்தான் செரிக்கிறது. அங்கே வெந்த சோறும் வெல்லமும் மொத்தமாகப் போனால் அமிலம் ஏறி வயிறு உப்பும். மாடு செத்துக்கூடப் போகும். நூறு குடும்பம் ஆளுக்கு ஒரு உருண்டை என்று நினைத்துப் பார். மாட்டுப் பொங்கலன்று மாடு படும் பாட்டை அப்பா அந்தக் காலத்திலேயே திட்டுவார். பொங்கலை நெற்றிக்கு நேரே காட்டிவிட்டு நாம் சாப்பிடலாம். எதைக் கொடுப்பதானாலும் கயிறு பிடித்திருக்கிற அண்ணனிடம் கேட்டுவிட்டுக் கொடு. மஞ்சள் குங்குமம் கண்ணில் விழாமல் நெற்றிச் சுழிக்கு மேலே வை. கொம்பில் பலூன் கட்ட வேண்டும் என்று பிள்ளை அழுதால், பிள்ளை அழட்டும்.

உன் கிரகப்பிரவேசத்துக்கு மாடு வேண்டுமா என்று உன் மாமியார் கேட்டிருக்கிறாராம். வேண்டாம், அந்த லிஃப்டில் சலவை இயந்திரம் ஏற்றவே நாம் பட்ட பாடு தெரியும். பித்தளையில் பசுவும் கன்றுமாக ஒரு சின்ன விக்கிரகம் எங்கள் வீட்டில் இருக்கிறது, எடுத்துப் போ. வாசற்படியில் வைத்துப் பூஜை செய்து உள்ளே கொண்டு போனால் போதும்.

மாட்டோடு ஒரு கிளைக்கதை. சட்டைக் கறை விவகாரம் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்தப் பத்தாம் மாடி ஆன்ட்டிக்குத் தீபாவளி முறுக்கு கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு, "இதில் மாட்டுக் கொழுப்பு இல்லையே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குவான் இம் அம்மனைக் கும்பிடுகிறவர். இளவயதிலிருந்தே மாட்டிறைச்சி தொடுவதில்லையாம். வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோவிலுக்குப் போகும்போது பக்கத்திலேயே இருக்கும் கிருஷ்ணன் கோவிலிலும் ஊதுபத்தி வைத்துவிட்டுத்தான் வருவாராம். இத்தனை நாளும் ஒரே புளோக்கில் மேலும் கீழுமாக இருந்திருக்கிறோம். இப்போது துணி காயப்போடும் நாளில் நான் மேலே பால்கனி கழுவுவதில்லை, அவர் கீழே சீனப் புத்தாண்டுக்கு எனக்குத் தனியாகக் கறியில்லாத டப்பா எடுத்துவைக்கிறார்.

பூனை, நாய், பூஜை அறை

நம் பாட்டிமார்களுக்குப் பூனை குறுக்கே போனாலே காரியம் கெட்டது. எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. எதிர்வீட்டு மலாய் மாக்சிக்தான் (மலாயில் பெரியம்மா என்பதுபோல) மாற்றினார். ராத்திரி ஒன்பது மணிக்குக் கீழ்த்தளத்தில் செய்தித்தாளை விரித்து, பிஸ்மில்லா சொல்லி, பூனைகளுக்கு வைப்பார். அவை தின்று முடிக்கும்வரை காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் செய்தித்தாளை மடித்துக் குப்பையில் போட்டு, ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிட்டுத்தான் ஏறுவார். ஒரு பூனையை அடைத்துவைத்துச் சோறும் போடாமல், தானே தேடித் தின்ன வெளியிலும் விடாமல் சாகவிட்ட பெண் நரகத்துக்குப் போன கதையை நபிகள் சொல்லியிருக்கிறார் என்று எனக்குச் சொன்னது அவர்தான். நீ கீழ்த்தளப் பூனைக்கு வைக்க ஆசைப்பட்டால் மாக்சிக் முறைதான் முறை: உட்கார்ந்து காத்திரு, மிச்சம் வைக்காதே. பூனைக்குத் தீனி போடுவது குற்றமில்லை; தட்டை அப்படியே விட்டுப் போவது குப்பை போட்ட குற்றம், எலிக்கும் விருந்து.

வீட்டிலேயே வளர்க்கலாமா என்றால், வளர்க்கலாம். 1989 முதல் வீவக வீடுகளில் பூனைக்குத் தடை இருந்தது. ஒளித்து வளர்த்தவர்கள்தான் பாதிப்பேர், அதை விடு. 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வரை அனுமதி. உரிமம் எடுக்க வேண்டும், தோலுக்கடியில் மைக்ரோசிப் போட வேண்டும், புதிதாக வளர்ப்பவர் இணையத்தில் ஒரு சின்னப் பாடம் முடிக்க வேண்டும். பூனை வருவதற்கு முன் ஜன்னலுக்கு வலை போட்டுவிடு. பூனைக்கு எங்கிருந்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்பது சுத்தப் பொய்.

நம் வீடுகளில் யாரும் சொல்லித்தராதது பூஜை அறை விஷயம். கற்பூரம் நாய்க்கும் பூனைக்கும் விஷம். தட்டில் எரிந்து மிஞ்சியதைக்கூட நக்கவிடாதே, கட்டி டப்பாவை மூடிவை. மாலையில் லில்லிப்பூ இருந்தால் பூனை இருக்கும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதே. இதழைக் கடித்தால் மட்டுமில்லை, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். பூ தொடுத்த நார், மஞ்சள் கயிறு, காப்பு நூல் எல்லாம் பூனைக்கு விளையாட்டுப் பொருள். விழுங்கினால் குடலைச் சுருட்டி இழுக்கும். நூல் வாயிலிருந்தோ பின்னாலிருந்தோ தொங்கினால் நீயே இழுக்காதே, மருத்துவரிடம் ஓடு. நாய்க்குப் பிரசாதம் கொடுக்கிறாய் என்றால் திராட்சை இருக்கிறதா என்று பார். சர்க்கரைப் பொங்கல், கேசரி, பாயசம் எல்லாவற்றிலும் காய்ந்த திராட்சை இருக்கும், அது நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாது. தோழி வீட்டு நாய் நவராத்திரி கேசரியைத் தின்றுவிட்டு இரண்டு நாள் சலைன் ஏறியது. குத்துவிளக்கு தரையில் இருந்தால் வால் பத்திக்கொள்ளும். விளக்கை உயர்த்து.

நாய் என்றால் வீவக வீட்டில் ஒன்றுதான், அதுவும் அனுமதிக்கப்பட்ட இனப் பட்டியலில் இருக்க வேண்டும். மீட்டெடுத்த உள்ளூர் நாய் வேண்டுமென்றால் அடோர் திட்டத்தில் வழி இருக்கிறது. தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவர் பெயரில் நாய்க்கு ஏதாவது செய்ய நினைத்தால், சுங்கை தெங்கா பக்கம் இருக்கும் காப்பகங்களுக்கு ஒரு மூட்டைத் தீனி வாங்கிக் கொடு. தெருநாயைத் தேடி பிஸ்கட் பொட்டலத்தோடு அலைய வேண்டாம்.

நாயோடு லிஃப்டில் ஏறும்போது உள்ளே முஸ்லிம் அண்டைவீட்டார் இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திரு. அவர்களில் பெரும்பாலோருக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில். தொழுகைக்குப் போகிற அவசரத்தில் ஒரு நக்கு என்ன வேலை வைக்கும் என்று யோசித்துப் பார். நாயின்மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. எங்கள் மாக்சிக் என் மகளின் நாயிடம் இரண்டு அடி தள்ளி நின்று குசலம் விசாரிப்பார். அதற்குக் குளிர்கிறதா, சாப்பிட்டதா என்று எல்லாம் கேட்பார், தொடமட்டும் மாட்டார்.

எறும்பு

கடைசியாக, கோலம். இது அதிகச் சிக்கல் இல்லாமல் நம்மால் தினமும் ஓர் உயிருக்குச் சோறு போட முடிகிற வழி. ஆனால் கடையில் விற்கும் வெள்ளைக் கல்மாவில் போட்டால் அதைத் தின்ன ஒரு எறும்பும் வராது. அரிசி மாவு வேண்டும். பச்சரிசியை ஊறவைத்து அரைத்த ஈரமாவில் இழைக்கோலம் போட்டால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், தாழ்வாரக் காற்றில் அடுத்த வீட்டுக்குப் பறக்காது. வாசற்படிக்குள்ளேயே அடங்கும்படி, இரண்டு கையகலம். பெரிசாகப் போட்டால் பார்க்க அழகு, வழுவழுப்பான டைல்ஸில் பெரியவர் யாராவது காலை வைத்தால் தெரியும். காலையில் போட்டதைச் சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்துவிடு. தாழ்வாரம் கூட்டுகிற தம்பி தமிழ்நாட்டுக்காரர் என்றால் கோலத்தைச் சுற்றிக்கொண்டு கூட்டுவார். மற்றவர்கள் அப்படியே கூட்டிக்கொண்டு போவார்கள், கோபித்துக்கொள்ளாதே.

எறும்பு வீட்டுக்குள் வராதா என்று கேட்பாய். வாசலில் கிடைத்தால் உள்ளே வருவது குறைவு என்பது என் அனுபவம். சர்க்கரை டப்பாவை மூடாமல் வைத்தால் எந்தக் கோலமும் காப்பாற்றாது.

உருண்டையைக் கரைத்து ஊற்றிய மறுநாள் கறிவேப்பிலைத் தொட்டியில் மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்பேன். சின்னச் சின்னக் கறுப்பெறும்புகள் எள்ளைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போகும். அம்மாவுக்குக் காக்கை வராத குறை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அமாவாசைக்கு மறுநாள் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரும் தொட்டிப் பக்கம் வந்து நிற்கிறார்.

தொட்டியே இல்லையே பெரியம்மா என்றாள் தங்கை மகள். என் செடியின் வேரடியில் வந்த ஒரு கன்றைப் பிரித்துத் தனியாக வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகட்டும், விக்கிரகத்தையும் சேர்த்து.